ஐக்யூ பற்றிக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நெடுங்காலம் பிள்ளைகளுக்கு ஐக்யூ என்னும் அறிவுத்திறன் சோதனைகளை நடத்தியவள் நான். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தெரிந்ததைச் சொல்கிறேன். போனில் எடுத்த டெஸ்டைக் கொண்டுவராதீர்கள்.

சாட்ஸ்வர்த்: பள்ளியில் சோதித்ததில் மகனுக்கு 94. படிப்பு வராதா அக்கா?

நன்றாக வரும். சராசரி 100. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் நடுவில்தான் இருப்பார்கள். வேறொரு நாள் எடுத்தால் சில புள்ளிகள் கூடும், குறையும். எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். 1905இல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் இதைத் தொடங்கியதே கூடுதல் உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான்.

பீனிக்ஸ்: போனில் 142 வந்தது, நம்பலாமா?

கூடாது.

டோங்காட்: உளவியலாளர் கார்ட்னர் அறிவு பலவகை என்கிறாரே?

1983இல் சொன்னார். ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போனது, அளந்து பார்த்தால் சான்று குறைவு. ஒரு சோதனையில் நன்றாகச் செய்பவர் பெரும்பாலும் மற்றதிலும் நன்றாகச் செய்வதை உளவியலாளர் ஸ்பியர்மன் 1904இலேயே காட்டி, அந்தப் பொதுக் காரணியை 'ஜி' என்றார். அது மூளையில் ஒரே ஆற்றலா, பல திறன்கள் ஒன்றையொன்று வளர்ப்பதா என்பதில்தான் இன்றும் சண்டை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இனத்துக்கு இனம் மார்க் வேறுபடுகிறதே. எண் பொய் சொல்லுமா?

இந்த நாட்டில் இருந்துகொண்டா கேட்கிறீர்கள் ஐயா? 1939இல் ஃபிக் என்ற இந்நாட்டு ஆய்வாளர் கறுப்பினப் பிள்ளைகளின் மார்க் குறைவதைப் பிறவிக் குறை என்று எழுதினார். வெள்ளைப் பிள்ளைகளை வைத்துத் தரப்படுத்திய சோதனை அது! வீடும் சாப்பாடும் பள்ளியும் வேறாக இருக்கையில் இந்த ஒப்பீடு நிற்காது என்று 1943இல் உளவியலாளர் பீஸ்ஹூவல் மறுத்தார்.

அதே ஐயா: அது பழங்கதை. இரட்டையர் ஆய்வுகள் பரம்பரை என்கின்றனவே?

ஒரே கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் பரம்பரைக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே மூட்டைச் சோளத்தை எருப்போட்ட நிலத்திலும் வறண்ட நிலத்திலும் விதைத்துப் பாருங்கள். இரண்டு வயலுக்கும் உள்ள வித்தியாசம் விதையாலா வந்தது? அமெரிக்காவில் சராசரி ஐக்யூ பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறிவந்ததை ஃபிளின் என்ற ஆய்வாளர் காட்டினார். இரண்டு தலைமுறையில் மரபணுவா மாறியது? நம் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் படியுங்கள்: எந்தப் பிரிவினருக்கும் பாதகமில்லாத, அறிவியல்படி செல்லுபடியாகும் உளவியல் சோதனையைத்தான் வேலைக்குப் பயன்படுத்தலாம்.

லெனேசியா: ஆப்பில் 128...

மேலே பீனிக்ஸுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வெருலம்: மகளுக்கு எட்டு வயது, எழுத்துக் கூட்டவே திணறுகிறாள். ஐக்யூ பார்க்கலாமா?

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள் தங்கச்சி. பிறகு பதிவுபெற்ற கல்வி உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துப்போங்கள். வாசிப்புச் சிக்கல் என் துறையில்லை.