உணவை மறுக்கும் நோய்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

அடையாறு, ஒரு தாய்: 15 வயது மகள் ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. என் கண்டிப்புதான் காரணமா?

அம்மா, இந்நோய் உங்கள் கண்டிப்பால் வந்ததன்று. அனோரெக்ஸியா எனப்படும் இந்த உணவு மறுப்பு நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருவதை இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. 2019இல் வெளியான மரபணு ஆய்வு, மனநலத்தோடு உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும் இதில் பங்குண்டு என்றது. எதிலும் பிசகு கூடாது என்னும் சுபாவமுள்ள பிள்ளை ஒரு டயட்டைத் தொடங்கினால், அதன்பின் பட்டினியே நோயை வளர்க்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், 36 ஆரோக்கியமான இளைஞர்களின் உணவை ஆறு மாதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். மெலிய வேண்டும் என்ற ஆசையே இல்லாத அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டிலிருப்பதை நெடுநேரம் அளைந்தார்கள், சிடுசிடுத்து நண்பர்களை விட்டு விலகினார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் அணிந்திருந்தாள். ஓர் இட்லியை 16 துண்டாக்கி முக்கால் மணி நேரம் தின்றவள், தம்பிக்குத் தினமும் கேசரி கிளறிக் கொடுத்தாள். நீங்கள் பிடிவாதம் என்று நினைப்பதில் பெரும்பகுதி பட்டினியின் வேலை.

ஓர் எச்சரிக்கை: நெடுநாள் வயிறு காய்ந்த பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று அதிகமாக ஊட்டாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லும் அளவில் ஏற்றுங்கள்.

மயிலாப்பூர், ஒரு பெரியவர்: இது மேல்நாட்டு நோய். எங்கள் வீட்டுப் பெண்கள் ஏகாதசி இருந்து நன்றாகத்தானே வாழ்ந்தார்கள்?

ஐயா, ஏகாதசிக்கு மறுநாள் விரதம் முடித்து உண்ணும் துவாதசிப் பாரணை உண்டு. இந்நோய்க்குப் பாரணை நாளே கிடையாது. இது மேல்நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர், பருமனைப் பற்றிய பயமே இல்லாமல் 'வயிறு உப்புகிறது' என்று சொல்லி மெலிந்தவர்களைப் பதிவு செய்திருக்கிறார். நம் ஊரிலும் அப்படிச் சொல்லி வயிற்று மருத்துவர்களிடம் அலைபவர்களைப் பார்க்கிறேன்.

மேற்கு மாம்பலம்: அப்படியானால் சினிமாவுக்கும் செல்போனுக்கும் பங்கே இல்லையா?

உண்டு. பிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றாண்டுக்குப்பின் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் எடை குறைக்க வாந்தியெடுக்கும் பழக்கம் தெரிந்தது. ஆனால், அதே திரையைப் பார்க்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

மயிலாப்பூர் பெரியவர், மறுபடியும்: தெய்வத்தின் பெயரால் உண்ணாதவளை நோயாளி என்பதா?

இல்லை ஐயா. பாரணைக் காலையில் அவள் சாப்பிட உட்கார்ந்தாளா, அடுத்த விரதத்தைச் சொல்லி எழுந்தாளா என்று மட்டும் பாருங்கள். எழுந்தால் அழைத்து வாருங்கள்.

பெரம்பூர்: பையன்களுக்கும் வருமா?

வரும், தாமதமாகக் கண்டறியப்படுகிறது.

போரூர்: பசிக்கு நல்ல டானிக்?

வேண்டாம். இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பசி இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கத்தான் அஞ்சுகிறார்கள்.

குரோம்பேட்டை: எடை சரியாக உள்ளது, ஆனால், சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாள்.

எடை எந்திரத்தை நம்பாதீர்கள். அளவுமீறித் தின்றுவிட்டு, விரலைத் தொண்டையில் விட்டு வாந்தியெடுக்கும் புலிமியாவாக இருக்கலாம்; 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் விவரித்த நோய் அது. விரல் முட்டியில் தழும்பும் பல் தேய்மானமும் உள்ளனவா என்று கவனியுங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும்.

அண்ணா நகர்: என் மகளும் சாப்பிடுவதில்லை. யார் செய்த தவறு?

அடையாறு தாய்க்கு எழுதியதைப் படியுங்கள். குற்றவாளியைத் தேடும் கேள்வியைத் தயவுசெய்து விடுங்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சை முறையில், தொடக்கத்தில் உணவின் பொறுப்பு முழுவதும் பெற்றோர் கையில்தான்.

வேளச்சேரி, ஒரு தந்தை: மகள் நேற்று மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். சத்துமாவுக் கஞ்சி கொடுத்துத் தேற்றலாமா?

இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பல வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இசிஜியும், பொட்டாசியம், பாஸ்பேட் பரிசோதனைகளும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கஞ்சியின் அளவை அவர்கள் முடிவு செய்யட்டும்.