இணை விண்மீன்கள் கருந்துளைகளாகி இணைவது எப்படி? நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டு பெரிய விண்மீன்கள் இணையாகவே பிறந்தால், அவை கருந்துளைகளாகி ஒன்றுசேர்வது இயல்புதானே? இதில் என்ன புதிர்? (கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்)

பதில்: கருந்துளைகள் உருவாவதைவிட, அவை போதிய அளவு நெருங்குவதுதான் பெரிய புதிர். ஒன்றையொன்று சுற்றும் கருந்துளைகள் ஈர்ப்பலைகளாக (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகளாக) ஆற்றலை இழந்து மெல்ல நெருங்குகின்றன. சூரியனைப் போல் 30 மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளுக்குள் இணைய வேண்டுமானால், அவற்றின் தொடக்க இடைவெளி ஏறத்தாழ 3.3 கோடி கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தொலைவைவிட இது குறைவு. இடைவெளி இருமடங்கானால் காத்திருக்கும் காலம் 16 மடங்காகிவிடும். ஆனால் இக்கருந்துளைகளாக மாறிய விண்மீன்களோ முதுமையில் சூரியனைப் போல் பல நூறு மடங்கு பருக்கக்கூடியவை. அத்தனை பெரிய உடல்கள் இவ்வளவு சிறிய இடைவெளிக்குள் அடங்கா. ஆகவே அவை தள்ளியே பிறந்து, பின்னர் ஏதோவொரு வழியில் நெருங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: அந்த வழி என்ன? (ஆசிரியர், வள்ளியூர்)

பதில்: இணையில் பெரியது எரிபொருளை வேகமாகத் தீர்த்து, சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே பருக்கத் தொடங்குகிறது. அதன் வெளிப்புற ஹைட்ரஜன் துணை விண்மீனின் மேல் வழிந்தோட, எஞ்சிய ஹீலியக் கரு ஒடுங்கிக் கருந்துளையாகிறது. இந்த இடைநிலையை நாம் கண்ணெதிரே காண்கிறோம்: சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் இணையில், சுமார் 21 சூரிய நிறையுள்ள கருந்துளையும் அதைவிடக் கனத்த நீல விண்மீனும் 5.6 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன.

அடுத்துத் துணை பருக்கும்போதுதான் முடிவு தீர்மானமாகிறது. வாயு கட்டுக்கடங்காமல் கொட்டினால், கருந்துளையும் துணையின் கருவும் ஒரே வாயு உறைக்குள் மூழ்கி, உராய்வினால் வேகமாக நெருங்குகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் உறையை வெளியே தள்ளிவிட்டால் நெருக்கமான இணை மிஞ்சும், தள்ளாவிட்டால் இரண்டும் அங்கேயே ஒன்றாகிவிடும். வாயு நிதானமாக வழிந்தாலும், கருந்துளை ஏற்காத பகுதி இணையின் சுழற்சி உந்தத்தை (சுற்றும் இயக்கத்தின் அளவை) சுமந்துகொண்டு வெளியேறுவதால் சுற்றுப்பாதை சுருங்கும். வாயு உறைக்குள் மூழ்கும் வழிதான் பெரும்பாலான இணைவுகளுக்குக் காரணம் என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. கனத்த இணைகளுக்கு நிதானமான வழியே பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: சித்திரை நட்சத்திரமும் இரட்டை என்கிறார்களே, அதுவும் இப்படி ஆகுமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஆகாது. சித்ரா பௌர்ணமியன்று தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால் முழுநிலவுக்கு அருகே தெரியும் அந்த ஒற்றைப் புள்ளி, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள்தாம். நெருக்கம் போதும், நிறைதான் போதாது. பெரியது ஏறத்தாழ 11 சூரிய நிறை, சிறியது 7. கருந்துளையாவதற்குப் பொதுவாக 20 சூரிய நிறையளவுக்கு மேல் வேண்டும்.

கேள்வி: 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளை உணரும் அமெரிக்கக் கருவியான லைகோ முதலில் பதிவுசெய்த கருந்துளைகள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது ஏன்? (பொறியாளர், சங்கரன்கோவில்)

பதில்: அவை ஏறத்தாழ 36, 29 சூரிய நிறைகள் கொண்டவை. விண்மீனின் ஒளி, அதன் மேற்பரப்பிலுள்ள இரும்பு போன்ற கனத் தனிமங்களைத் தள்ளியே விண்மீன் காற்றை (விண்மீனிலிருந்து வெளியே வீசும் வாயுவை) எழுப்புகிறது. அத்தனிமங்கள் நிறைந்த நம் பால்வீதியில் பெரிய விண்மீன்கள் வாழ்நாளிலேயே பெரும் நிறையை இழந்துவிடுகின்றன. அத்தனிமங்கள் குறைந்த இடங்களில் பிறந்த விண்மீன்கள் நிறையைக் காத்துக்கொண்டு கனத்த கருந்துளைகளாகின்றன. இதற்கும் வரம்பு உண்டு. மிகக் கனத்த ஹீலியக் கரு முழுவதுமாக வெடித்துச் சிதறி எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஆகவேதான் 2019 மே 21 அன்று பதிவான இணைவில் இருந்த சுமார் 85 சூரிய நிறைக் கருந்துளை, ஒரே விண்மீனிலிருந்து வந்ததாகக் கொள்வது கடினம். விண்மீன்கள் நெருக்கமாகச் செறிந்த கொத்துகளில் முந்தைய இணைவுகளால் அது வளர்ந்திருக்கலாம்; அங்கே இணைகள் பிறப்பிலேயே அமைய வேண்டியதில்லை, தனித்தனியே உருவான கருந்துளைகள் பின்னர் ஒன்றையொன்று ஈர்ப்பால் பற்றிக்கொள்ள முடியும்.