மாடிப்படியில் அப்பா

கேள்வி: டப்பிங் பேசவும் ஆடியோ புத்தகம் வாசிக்கவும் கற்றுக்கொண்டு வருகிறேன். படுக்கையறையை ஸ்டுடியோவாக்கி, சுவர் முழுக்க ஃபோம் ஒட்டி, கண்டென்சர் மைக் வாங்கினேன். அப்பாவுக்கு இருமல் என்பதால், ரெக்கார்டிங் நேரத்தில் மட்டும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்படியும் சத்தம் விழுகிறது, சாம்பிள்கள் நிராகரிக்கப்படுகின்றன. நான் பார்த்து வைத்திருக்கும் நான்கு மைக்குகளின் விவரம் இணைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம்.

'போய் உட்கார்ந்துகொள்வார்' என்கிறீர்களே, தானாகவா போனார்? நீங்கள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஒரு பார்வை பார்த்த பிறகா? 'ரெக்கார்டிங் நேரத்தில் மட்டும்' என்பதும் சின்ன விஷயமில்லை. ஒரு மணி நேரம் ஓடும் புத்தகத்துக்குப் புதியவர் இரண்டு மூன்று மணி நேரம் மைக் முன்னால் உட்கார வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் இருமுகிற மனிதர் படியிலா? நான்கு மைக்குகளின் மாடல் எண் வரை எழுதத் தெரிந்த உங்களுக்கு, அந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இரண்டு வாரம் தாண்டியிருந்தால் முதல் வேலை அதுதான். பெற்றவரை வெளியே உட்கார வைத்துவிட்டுச் செய்யும் தொழிலை என்னால் பாராட்ட முடியாது.

இனி சத்தம். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தடுக்க கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். காற்று நுழையும் இடுக்கில் சத்தமும் நுழையும். ஆகவே, அவரைப் படிக்கு அனுப்பியதில் உங்களுக்கும் லாபமில்லை. துணி நிறைந்த அலமாரியின் முன்னால், பின்பக்கம் கனத்த கம்பளி தொங்கவிட்டு உட்காருங்கள். உங்களுடையது முன்பக்கச் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்ட் மைக் என்றால் அதற்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அந்த முதுகைக் கதவுக்குக் காட்டுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். தள்ளி உட்கார்ந்துகொண்டு கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் அறை மொத்தமும் உள்ளே வரும்.

வாசிக்கும்போது இருமல் விழுந்தால் நிறுத்தி, ஒரு வாக்கியம் பின்னால் போய், அங்கிருந்து பிடியுங்கள். பஞ்ச் அண்ட் ரோல் என்பார்கள். உங்கள் நாக்கு குளறும்போதும் இதைத்தானே செய்கிறீர்கள்? உங்கள் குளறலுக்கு ரீடேக், அவர் இருமலுக்கு மாடிப்படி!

ஆடியோ புத்தகம் விற்கும் ஆடிபிளுக்குப் புத்தகம் அனுப்பும் ஏசிஎக்ஸ் தளம், பேச்சில்லாத இடத்தில் இரைச்சல் −60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. இன்றைக்கே அப்பாவை உள்ளே கூப்பிட்டு அவர் இடத்தில் உட்கார வையுங்கள். கதவைச் சாத்தி, பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, ரெக்கார்டிங் மென்பொருளின் ஒலி மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். மருத்துவர் சொன்னதையும்.