1965 பணமும் கொரியாவின் கோபமும்

கேள்வி: 1965-லேயே தென் கொரியாவுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டாயிற்று. அதற்குப் பிறகும் ஜப்பானைப் பழைய கதைக்காக இழுப்பது சரியா? எந்த நாடும் தன் நலனைத்தானே பார்க்கும்? (வாசகர் ஒருவர், ஈரோடு)

பதில்: தன் நலனைப் பார்ப்பதில் தவறே இல்லை. ஜப்பான் அதைக் கறாராகவே பார்க்கிற நாடு. உக்ரைன் போருக்காக 2022-ல் ரஷ்யா மீது தடை விதித்த அதே அரசு, ரஷ்யாவின் சகாலின்-2 எரிவாயுத் திட்டத்தில் மித்சுய், மித்சுபிஷி கம்பெனிகளின் பங்கை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்றது. குளிர்காலத்துக்கு எரிவாயு வேண்டும். இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொரியா விஷயம் வேறு. 1965-ல் ஒப்புக்கொண்டது 30 கோடி டாலர் நன்கொடை, 20 கோடி டாலர் கடன். கொரியாவைத் தான் ஆண்ட காலனி ஆட்சிக்கான நஷ்டஈடாக ஜப்பான் அதைக் கொடுக்கவில்லை. பொருளாதார உதவி என்றுதான் கொடுத்தது. அதுவும் ரொக்கமாக அல்ல. பத்து ஆண்டுகளில், ஜப்பானியப் பொருட்களாகவும் ஜப்பானியரின் சேவையாகவும் போயிற்று. அதாவது பணம் ஜப்பானியக் கம்பெனிகளின் கல்லாவுக்கே திரும்பியது. அந்த நிதியில் ஒரு பகுதியை வைத்துத்தான் அன்றைய தென் கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீயின் அரசு போஹாங்கில் போஸ்கோ உருக்காலையைக் கட்டியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் கட்டாய வேலை செய்தவர்களுக்கு? இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலைக்கு 3 லட்சம் வொன் (கொரிய நாணயம்). உடைந்த உடம்போடு ஊர் திரும்பியவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த அநியாயத்தில் சியோலுக்கும், அதாவது தென் கொரிய அரசுக்கும், பெரிய பங்கு உண்டு.

அவர்கள்தான் நீதிமன்றம் போனார்கள். 2018 அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம், நான்கு பேருக்குத் தலைக்கு 10 கோடி வொன் தரும்படி, அவர்களை வேலை வாங்கிய ஜப்பானிய உருக்குக் கம்பெனியான நிப்பான் ஸ்டீலுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு வந்தபோது நால்வரில் மூவர் உயிரோடு இல்லை. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது ஒரு தொகையா? ஒருவருக்குக் கொடுத்தால் ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள், ஒப்பந்தமே ஆட்டம் காணும் என்பது டோக்கியோவின் பயம். அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. அதற்குப் பிறகு செய்த காரியத்தில்தான் இல்லை.

2019 ஜூலையில், சிப்பும் திரையும் தயாரிக்கத் தேவையான மூன்று ரசாயனங்களைத் தென் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்வதற்கு ஜப்பான் கட்டுப்பாடு போட்டது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். சியோலில் யாரும் நம்பவில்லை. விளைவு என்ன? கொரியக் கம்பெனிகள் அந்த ரசாயனங்களைத் தாங்களே தயாரிப்பதில் இறங்கின. மக்கள் ஜப்பானியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். ஜப்பானிய பீருக்கு மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தையாக இருந்த கொரியாவுக்கு அந்த அக்டோபரில் ஏற்றுமதி பூஜ்யம். இவற்றையெல்லாம் விட மோசம், வட கொரிய ஏவுகணைகள் பற்றிய ரகசியத் தகவலை ஜப்பானோடு பகிரும் ஒப்பந்தத்தையே கைவிடுவதாக சியோல் அறிவித்தது. நவம்பரில் கடைசி நேரத்தில்தான் அந்த முடிவை நிறுத்திவைத்தது. ஏவுகணை பறப்பது ஜப்பானின் தலைக்கு மேலே! இதில் எங்கே தேசிய நலன்?

2023 மார்ச்சில் அன்றைய தென் கொரிய அதிபர் யூன் இறங்கி வந்து, நீதிமன்றம் சொன்ன தொகையைக் கொரிய அறக்கட்டளையே கொடுக்கும் என்றார். முதலில் பணம் போட்டது போஸ்கோ, 400 கோடி வொன். வழக்கில் தோற்ற ஜப்பானியக் கம்பெனிகள் அப்போது ஒரு யென் தரவில்லை. அவற்றில் ஒன்றாவது முன்வந்து கொடுத்திருந்தால் ஜப்பானுக்கு லாபம்தான் என்பேன்.