181 இருக்கட்டும், பாலத்தில் வந்த இறுக்கத்தைப் பார்ப்போம்

“எனக்கு 47 வயது. ஐ.டி. வேலை. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய் வருகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு மாதம் முன்பு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார். அதிலிருந்து வாட்சைப் பார்த்தபடிதான் ஓட்டுகிறேன். 220-இல் வயதைக் கழித்தால் என் பல்ஸின் எல்லை 173. ஆனால் போன மாதம் ஒருநாள் டோல்கேட் தாண்டியதும் வாட்ச் 181 காட்டியது, உடம்பில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லாக்டேட் த்ரெஷோல்டு (தசையில் உருவாகும் லாக்டேட் ரத்தத்தில் தேங்கத் தொடங்கும் பல்ஸ்) 158 என்கிறது ஆப். அதைத் தாண்டினால் லாக்டிக் அமிலம் இதயத்தை அரிக்கும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். காலையில் எழுந்ததும் பல்ஸ் 49. முட்டுக்காடு பாலம் ஏறும்போது ஒன்றரை மாதமாக கேஸ் தொல்லை வேறு, நெஞ்சு நடுவில் இறுக்கும், மெதுவாக ஓட்டினால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். அதற்கு கேஸ் மாத்திரை சாப்பிடுகிறேன். பல்ஸைக் குறைக்க, கடைசி இரண்டு ஞாயிறும் அப்பாவின் பி.பி. மாத்திரையில் ஒன்று போட்டுக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் கேஸ்கூட வரவில்லை. ஆறு மாதம் முன் எடுத்த ஈசிஜி நார்மல். என் ஜோன்களை எப்படிப் பிரித்துக்கொள்வது? வாட்ச் படங்களையும் மாத்திரை அட்டையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.”
– வாசகர், வேளச்சேரி

ஜோன்களை, அதாவது எந்தப் பல்ஸில் எவ்வளவு உழைப்பது என்ற பிரிவுகளை, அப்புறம் பார்ப்போம். முதலில் சைக்கிளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, நாளைக்கே ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரம் ரிலீஸ் இருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன் என்ற பேச்சு வேண்டாம்.

“கேஸ் தொல்லை வேறு” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். கேஸுக்குப் பாலம் தெரியாது. அது சாப்பிட்ட பிறகு வரும், படுத்தால் எரியும், ஏப்பம் விட்டால் குறையும். மேடு ஏறும்போது சரியாக வந்து, வேகத்தைக் குறைத்ததும் இரண்டு நிமிடத்தில் விடைபெறும் வழக்கம் அதற்கு இல்லை. உழைத்தால் வரும், ஓய்ந்தால் போகும் நெஞ்சு இறுக்கத்தை, வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதய வலி என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஆஞ்சைனா என்பது இதுதான். இதய வலி என்று சொன்னாலும் பலருக்கு வலியாகவே தெரியாது. இறுக்கம், பாரம், தொண்டைக்குக் கீழே அடைப்பு, தாடையில் ஒரு பிடிப்பு, இடது கை கனப்பது என்று பல மாதிரி சொல்வார்கள். சென்னையில் முக்கால்வாசிப் பேர் இதைச் சொல்லும் ஒரே வார்த்தை “கேஸ்”.

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் குழாய்க்குள் உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும். சமையலறையிலும் குளியலறையிலும் சேர்த்துத் திறந்தால்தான் ஷவர் சொட்ட ஆரம்பிக்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கினாலும் ஏறக்குறைய இதே கதைதான். உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம் போகும். பாலம் ஏறும்போது இதயம் கேட்கும் அளவு வராது. ஆறு மாதம் முன் எடுத்த உங்கள் ஈசிஜி நார்மலாக இருந்ததில் அதனால் வியப்பே இல்லை. படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி, ஒரு குழாயை மட்டும் திறந்து பார்த்தது மாதிரி. செக்கப் பேக்கேஜில் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதிலும் உங்கள் நெஞ்சு இறுக்கம் அந்த ஈசிஜிக்குப் பிறகு வந்தது.

உங்கள் வாட்ச் படங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். 181-ஐ விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பாலத்தில் இறுக்கம் வந்த இடங்களை நீங்களே வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். மூன்று ஞாயிறு, மூன்று வட்டம்: 151, 149, 152. ஆஞ்சைனாவின் குணமே இதுதான். ஒருவருக்கு அது ஏறக்குறைய ஒரே பல்ஸில், ஒரே அளவு உழைப்பில் திரும்பத் திரும்ப வரும். இதயம் தனக்கென்று ஒரு த்ரெஷோல்டு வைத்திருக்கிறது, அதை உங்கள் வாட்ச் பிசகாமல் பதிவு செய்திருக்கிறது. அந்த மூன்று படங்களையும் பிரின்ட் எடுத்து இதய மருத்துவரிடம் கொடுங்கள். நீங்கள் வாங்கிய வாட்ச்சுக்குக் கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது. 158-இல் லாக்டேட் என்ன செய்கிறது என்று கேட்கிறீர்கள். 150-இலேயே இதயம் கையைத் தூக்கிவிட்டதே!

இப்போது அப்பாவின் மாத்திரை. படத்தில் இருப்பது மெட்டோப்ரோலால். பீட்டா பிளாக்கர் வகை. பல்ஸையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கி, இதயம் கேட்கும் ரத்தத்தின் அளவைக் குறைக்கும். ஆஞ்சைனாவுக்கு நாங்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று. கேஸ் மாத்திரைக்கு அடங்காத உங்கள் “கேஸ்” மெட்டோப்ரோலாலுக்கு அடங்கியிருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டும்? அந்த இரண்டு ஞாயிறும் பிரச்சினை போகவில்லை, எச்சரிக்கை மணியின் ஒயரை நீங்களே பிடுங்கிவிட்டு ஐம்பது கிலோமீட்டர் போய், ஐம்பது கிலோமீட்டர் திரும்பியிருக்கிறீர்கள். ஆஸ்துமா இருப்பவராக இருந்திருந்தால் வழியில் மூச்சிரைப்பும் கூடியிருக்கலாம். சைக்கிளை விட்டு இறங்கியதும் பி.பி. இறங்கித் தலைசுற்றி விழுந்திருக்கலாம். வீட்டில் ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்குப் பொது இல்லை. இதை முப்பது வருடமாகச் சொல்லி வாய் வலிக்கிறது. மாத்திரை சாப்பிட்ட விஷயத்தையும் எந்தெந்தத் தேதி என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டிரெட்மில் பரிசோதனையின் முடிவை அது மாற்றிவிடும்.

அந்தப் பரிசோதனையை நீங்களாக லேபில் போய்ச் செய்துகொள்ள வேண்டாம். டிரெட்மில் போதுமா, சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டுமா, நேரே குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோவா என்பதை உங்களைப் பரிசோதித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். சுகர், கொழுப்பு இரண்டையும் அவர் பார்ப்பார். அதற்குள் இறுக்கம் உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, மாடிப்படி ஏறுவது போன்ற சின்ன வேலைக்கே வந்தாலோ, ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உங்கள் நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதம் முழுக்க எண்கள் இருந்தாலும் அதை எழுத வைத்தது அவர் மரணம்தான் என்று புரிகிறது. நாற்பது, ஐம்பது வயதில் உடற்பயிற்சியின்போது திடீரென்று சரிபவர்களில் பெரும்பாலோருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்திருக்கும். பல்ஸ் ஒரு சூத்திரத்தைத் தாண்டியதால் யாரும் சாவதில்லை. தொடர்ந்து ஓட்டுகிறவருக்கு மாரடைப்பு அபாயம் குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. தெற்காசியர்களான நமக்கு இந்த அடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னாலேயே வந்து நிற்கிறது. அதனால் உங்கள் பயம் நியாயமானதுதான். பார்வை மட்டும் தவறான இடத்தில் இருந்தது.

மற்ற சந்தேகங்கள் எல்லாம் சில்லறை. 220-இல் வயதைக் கழிப்பது, 1970களின் தொடக்கத்தில் சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே போட்ட ஒரு கோடு. சராசரி மனிதருக்கே அது பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருக்கும். 2001-இல் வந்த சூத்திரம் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிக்கச் சொல்கிறது. உங்களுக்கு 175 வரும். இரண்டும் உத்தேசக் கணக்கே, சட்டம் இல்லை. நலமான 47 வயதுக்காரர் 180-ஐத் தொட்டால் நான் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டேன்.

உங்கள் 181 அதுவும் இல்லை. சமதளத்தில் 124-இல் போய்க்கொண்டிருந்த கோடு, கண் இமைக்கும் நேரத்தில் 181-க்குத் தாவி, ஒரு நிமிடம் அங்கேயே நின்று, திரும்ப 126-க்கு விழுகிறது. மணிக்கட்டில் பச்சை விளக்கடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் வாட்ச், ஹேண்டில்பாரின் அதிர்விலும் வியர்வையில் வழுக்கும் ஸ்ட்ராப்பிலும் இப்படி உளறுவது வழக்கம். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே எடுப்பதால் இதைவிட நம்பகமானது. ஒரே ஒரு நிபந்தனை. அப்படித் தாவும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் வாட்சைக் குறை சொல்லாமல் இறங்கி உட்காருங்கள். அது துடிப்பின் ஒழுங்கு தப்பியதாக இருக்கலாம்.

லாக்டேட்டைப் பற்றி வீடியோ சொன்னது அபத்தம். தவளைத் தசையைப் பாத்திரத்தில் வைத்து ஆராய்ந்த காலத்திலிருந்து அதற்கு ஒரு கெட்ட பெயர். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூக்ஸ் என்ற ஆய்வாளர், லாக்டேட் கழிவு இல்லை, ஒரு தசை தயாரித்து இன்னொரு தசை எரிக்கும் எரிபொருள் என்று காட்டினார். அதை விரும்பி எரிக்கும் தசைகளில் முதல் வரிசையில் இருப்பது இதயம். அமிலம் அரிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, அந்த உறுப்பு அதைச் சாப்பிடுகிறது! ஓட்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழையபடி இறங்கிவிடும். திங்கட்கிழமை வரும் தொடை வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

த்ரெஷோல்டு என்பது, தசை தயாரிக்கும் வேகத்துக்கு உடல் எரிக்கும் வேகம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் இடம். முறையாகப் பார்ப்பதென்றால் நிலையான சைக்கிளில் சில நிமிடத்துக்கு ஒருமுறை பளுவைக் கூட்டி, காது மடலிலோ விரல் நுனியிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். ஓய்வில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவில் இருப்பது முதலில் 2-ஐ ஒட்டி மெல்ல ஏறும், 4-ஐ ஒட்டிச் செங்குத்தாக எழும். இந்த 2, 4-ம் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தமே பார்க்காமல் ஆப் சொன்ன 158 வெறும் ஊகம். ஊசி இல்லாமல் கண்டுபிடிக்க ஓட்டுநர்கள் செய்வது, தாங்கக்கூடிய உச்ச வேகத்தில் முப்பது நிமிடம் தனியாக ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரி பல்ஸை எடுத்துக்கொள்வது. இதை நீங்கள் இப்போது செய்யவே கூடாது. இதய மருத்துவர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் வாராந்தர ஓட்டத்தில் பெரும்பகுதியை, லாக்டேட் மெல்ல ஏறத் தொடங்கும் அந்த முதல் வாசலுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாட்ச்கூட வேண்டாம். பக்கத்தில் வருகிறவரிடம் உங்கள் வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணில் தொடங்கிப் பின்கோடு வரை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா, சரி, அதுதான் அந்த அளவு. தெருப் பெயரிலேயே நின்று மூச்சு வாங்கினால் தாண்டிவிட்டீர்கள். அடைப்பு இருப்பது உறுதியானால் உங்கள் ஜோனின் கூரையை லாக்டேட் தீர்மானிக்காது. பரிசோதனையில் மாற்றம் தெரியும் பல்ஸுக்குப் பத்துத் துடிப்பாவது கீழே அதை வைப்போம். அதற்குப் பிறகும் சைக்கிள் ஓட்டலாம். சிகிச்சை முடிந்து ஈ.சி.ஆரில் ஓட்டுகிற நோயாளிகள் எனக்கு இருக்கிறார்கள். என்னை முந்திக்கொண்டு போய்க் கையாட்டுவார்கள்.

இன்னொன்று, சென்னைக்காரர்களுக்கு மட்டும். மார்கழியில் எடுத்த த்ரெஷோல்டு எண்ணை மே மாதம் நம்பாதீர்கள். புழுக்கத்தில் வியர்வை காயாது. ரத்தம் தோலுக்கும் ஓட வேண்டும், தசைக்கும் ஓட வேண்டும், உடம்பில் நீரும் குறைகிறது. அதே வேகத்தில் போனாலும் இரண்டாவது மணி நேரத்தில் பல்ஸ் பத்து, பதினைந்து ஏறி நிற்கும். அது வெயில் ஏற்றியது, உங்கள் தகுதி குறையவில்லை. ஐந்து மணிக்குள் கிளம்புங்கள், உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை பல்ஸ் 49: மூன்று வருடம் ஓட்டியதற்குக் கிடைத்த கூலி. மயக்கமோ அசதியோ இல்லையென்றால் மறந்துவிடுங்கள். ஞாயிறன்று மாத்திரை போட்டுவிட்டுத் திங்களன்று எண்ணியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

கடைசியாக, அப்பாவின் அட்டையில் இரண்டு மாத்திரை குறையும். பீட்டா பிளாக்கரை ஒருநாள்கூடத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அவருடைய பல்ஸும் பி.பி.யும் எகிறலாம். மாதக் கடைசியில் தீர்ந்துபோய் அவர் தேடுவதற்குள் இன்றைக்கே ஒரு அட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.