அலாரிப்பில் சேர்ந்திருந்த தாளம் தில்லானாவில் ஏன் விலகுகிறது?

கேள்வி: பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் இரண்டு மணி நேரம். அரங்கின் பின்வரிசையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, மேடையை ஒட்டி இரண்டு போன்கள். பாட்டு மிக்சரிலிருந்து நேராக ஒரு ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. பிரீமியர் ப்ரோ எடிட்டிங் மென்பொருளில் முதல் உருப்படியான அலாரிப்பை வைத்து எல்லாவற்றையும் சின்க் செய்தேன், அதாவது படமும் ஒலியும் ஒன்றாகும்படி பொருத்தினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. வர்ணத்துக்கு வருவதற்குள் கால் ஒரு பக்கம், நட்டுவாங்கம் ஒரு பக்கம். கடைசியில் வரும் தில்லானாவில் போன் காட்சிகள் அரை நொடிக்கும் மேல் விலகிவிடுகின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆடியோவை வெட்டி நகர்த்திப் பார்த்தேன், பாட்டு தத்துகிறது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடலாமா? கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பழுது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, ஃபைல்களில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் வெட்டி நகர்த்தினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும்.

முதலில் டைம்லைனை, அதாவது கிளிப்களை வரிசையாக அடுக்கியிருக்கும் பகுதியை, தொடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் மூன்று இடங்களில், அதாவது அலாரிப்பு, வர்ணம், தில்லானாவில், மிக்சர் ஒலிக்கும் படத்துக்கும் எத்தனை ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) இடைவெளி என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எண்ணும்போது ஆடுபவரின் காலைப் பார்க்காதீர்கள். கால் தாளத்துக்கு ஒரு இழை முன்னே பின்னே விழலாம், அது நாட்டியத்தில் சகஜம். மேடை ஓரத்தில் நட்டுவாங்கம் செய்பவரின் கையைப் பாருங்கள். கையிலுள்ள இரண்டு தாளத் தட்டும் முட்டும் ஃப்ரேம் எது, அலைவடிவத்தில் கூர்மையாக எழும் கோடு எந்த ஃப்ரேமில் தொடங்குகிறது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய எண். போன் குளோசப்பில் நட்டுவாங்கம் தெரியாது. அங்கே பாதம் தரையில் விழும் ஃப்ரேமைப் போனின் சொந்த ஒலியில் அந்தச் சத்தம் எழும் இடத்தோடு ஒப்பிடுங்கள். போனின் ஒலியை மட்டும் மிக்சர் ஒலியோடு ஒப்பிட்டால் படம் நழுவுவது தெரியாது. இதையெல்லாம் வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். புளூடூத் ஹெட்போன் தானாகவே ஒலியைத் தாமதப்படுத்தும், அதை நம்பி நகர்த்தினால் சரியாக இருப்பதும் கெட்டுவிடும்.

மூன்று இடத்திலும் ஒரே எண் வந்தால் அது வெறும் தாமதம். எண் சீராகக் கூடிக்கொண்டே போனால் இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல் கூடினாலோ குறைந்தாலோ, அந்த ஃபைலில் ஃப்ரேம் வேகமே நிலையாக இல்லை. ஓரிடத்தில் திடீரென்று எகிறினால் பதிவு நடுவில் துண்டாகியிருக்கும். 32 ஜிபி வரையிலான கார்டுகள் வழக்கமாக ஃபேட்32 என்ற ஃபைல் சேமிப்பு முறையில் இருப்பதால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கேமரா அடுத்த ஃபைலுக்குத் தாவிவிடும். அப்படித் துண்டான கிளிப்களைத் தனித்தனியாக சின்க் செய்துவிட்டால் விஷயம் முடிந்தது.

உங்கள் போன் காட்சிகளில் ஒழுங்கில்லாத விலகல்தான் வரும் என்று நினைக்கிறேன். போன்கள் பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. மேடை விளக்கு மங்கினாலோ போன் சூடானாலோ ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் உள்ள இடைவெளியை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். போனிலேயே பார்த்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் எப்போது வரவேண்டும் என்ற நேரக்குறிப்பு ஃபைலுக்குள் இருக்கிறது. எடிட்டிங் டைம்லைனோ எல்லா ஃப்ரேமும் சம இடைவெளியில் வருவதாக எண்ணி அடுக்குவது. அந்த இடத்தில்தான் படம் நழுவுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து, 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்று இருந்தால் அதுதான் காரணம். பிரீமியரின் புதிய பதிப்புகள் இத்தகைய ஃபைலைத் தாமே அடையாளம் கண்டு சமாளிக்கப் பார்க்கும். இரண்டு மூன்று நிமிடக் கிளிப்புக்கு அதுவே போதும். இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு நான் அதை நம்ப மாட்டேன், மாற்றிவிட்டுத்தான் எடிட்டுக்குள் கொண்டுவருவேன்.

மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம். வீடியோ பகுதியில் ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து, 'பீக்' என்று இருப்பதை 'கான்ஸ்டன்ட்' ஆக்குங்கள். தர எண் 22 என்று இருந்தால் 16 முதல் 18க்குள் இறக்குங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும். டிஸ்க்கில் இடம் இருந்தால் ஷட்டர் என்கோடர் என்ற மென்பொருள் வழியாக, எடிட்டிங்குக்கு ஏற்ற ப்ரோரெஸ் எல்டி வடிவத்துக்கு மாற்றுவது இன்னும் நல்லது. எச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவத்தில் பல ஃப்ரேம்கள் முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டுமே வைத்திருக்கும், அதனால் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கும். ப்ரோரெஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசாக இருப்பதால் இந்த இழுபறி இல்லை. ஆனால் 1080 அளவில், 30 ஃப்ரேமில், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 46 ஜிபி பிடிக்கும். இரண்டு போன், இரண்டு மணி நேரம் என்றால் 180 ஜிபிக்கு மேல். ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலேசான நகல், போடுவதாக இருந்தால் இந்த மாற்றத்துக்கு அப்புறம் போடுங்கள். மாறும் வேக ஃபைலிலிருந்து எடுத்த ப்ராக்ஸி அசலோடு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பொருந்தாமல் போகலாம்.

ஏன் 25 இல்லாமல் 30 என்று கேட்பீர்கள். உங்கள் டைம்லைன் கேமராவுக்கு ஏற்ப 25ஆக இருந்தாலும், போன் 30க்குப் பதிவு செய்திருந்தால் அதையே நிலைப்படுத்துங்கள். 25க்கு இறக்கும் வேலையைப் பிரீமியரிடம் விட்டுவிடலாம். ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று விடுபடுவதால் வேகமான ஜதியில் சின்னத் துள்ளல் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க 'ஆப்டிகல் ஃப்ளோ' போடத் தோன்றும், தயவுசெய்து போடாதீர்கள். இல்லாத ஃப்ரேமை அது கற்பனையில் வரையும்போது விரல்கள் மெழுகு மாதிரி உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அலபத்ம முத்திரையில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடத்தில் அது நடந்தால் குருவின் கண் நேராக அங்கேதான் போகும்.

அடுத்தது மிரர்லெஸ் கேமரா. இதில் விலகல் கொஞ்சமாக, ஆனால் சீராகக் கூடும். கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 27 பங்கு வித்தியாசம் இருந்தாலே இரண்டு மணி நேர முடிவில் 0.19 நொடி, அதாவது 25 ஃப்ரேம் டைம்லைனில் கிட்டத்தட்ட ஐந்து ஃப்ரேம் விலகிவிடும். சாதாரணக் கருவிகளில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இதைச் சரிசெய்யும்போதுதான் நீங்கள் ஆடியோவை வெட்டினீர்கள், பாட்டு தத்தியது. ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிநொடி. மிருதங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது 40 மில்லிநொடியை எடுத்தாலோ நுழைத்தாலோ சங்கீதம் தெரியாதவர் காதுக்கும் அது தட்டுப்படும். படத்தில் ஒரு ஃப்ரேம் போனால் கண் கவனிக்காது. ஆகவே மிக்சர் ஒலியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே துண்டாகப் பூட்டிவிட்டு, படத்தை மட்டும் நகர்த்துங்கள்.

அரங்கேற்றத்தில் இதற்கு வசதியான இடங்கள் தாமாகவே கிடைக்கும். ஒவ்வொரு உருப்படியும் முடிந்து கைதட்டல் எழும்போது வீடியோ டிராக்குகளை மட்டும் வெட்டி, அடுத்த உருப்படியின் முதல் தாளத்தில் புதிதாக சின்க் செய்யுங்கள். எல்லாக் கேமராவையும் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றி எடுக்கும் மல்ட்டிகேமில் வேலை செய்தால் இதை மூல சீக்வென்ஸுக்குள் செய்ய வேண்டும். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கிளிப் ஒரு ஃப்ரேம் நகரும். வலப்பக்கம் நகர்த்தினால் வெட்டிய இடத்தில் ஒன்றிரண்டு ஃப்ரேம் காலியாகக் கிடக்கும். அதை அப்படியே விட்டால் கறுப்பு மின்னல் போல ஒரு வெட்டு வரும், முந்தைய கிளிப்பின் வாலை இழுத்து மூடிவிடுங்கள். வர்ணம் மட்டும் 40 நிமிடம் போகும், அதற்குள்ளேயே ஒன்றரை ஃப்ரேம் விலகலாம். அங்கே அந்தக் கேமரா திரையில் இல்லாத நேரமாகப் பார்த்து, அதாவது போன் குளோசப் ஓடும்போது, வெட்டி ஒரு ஃப்ரேம் தள்ளுங்கள்.

மூன்றாவது கோளாறைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். உங்கள் கேமரா மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருந்திருந்தால் அதன் மைக்குக்குப் பாட்டு 0.07 நொடி தாமதமாக வந்திருக்கும், கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம். அந்த மைக்கின் அலைவடிவத்தை வைத்துப் பிரீமியர் தானாக சின்க் செய்யும்போது தாமதத்தையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறது. அதனால் ஆட்டோ சின்க் முடிந்ததும் பின்வரிசைக் கேமராவின் படத்தை இரண்டு ஃப்ரேம் வலப்பக்கம் தள்ளி, நட்டுவாங்கக் கையைப் பார்த்துச் சரிபாருங்கள். அலைவடிவங்கள் இப்போது பொருந்தாத மாதிரித் தெரியும், பரவாயில்லை, கையை நம்புங்கள். மேடையை ஒட்டிய போன்களுக்கு இது தேவைப்படாது.

ஒரு ஃப்ரேம் இப்படியா அப்படியா என்று சந்தேகம் வந்தால், ஒலி படத்துக்குச் சற்றுப் பின்னால் வரும்படி விடுங்கள். ஒளிபரப்புக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை பிடி.1359, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவார் என்கிறது, பிந்தினால் 125 வரை உணர்வதில்லை. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தால் அடி விழுந்த பிறகுதான் சத்தம் வரும். அதற்குப் பழகிய கண் இது.

ஏற்கெனவே பாதி எடிட் முடித்துவிட்டீர்கள் என்று புரிகிறது. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, 'ரிப்ளேஸ் ஃபுட்டேஜ்' மூலம் பழைய போன் கிளிப்புக்குப் பதிலாக மாற்றிய ஃபைலைக் கொடுங்கள். வெட்டுகள் அப்படியே இருக்கும். நீங்கள் கையால் நகர்த்தி வைத்த இடங்கள் மட்டும் இப்போது தவறாகும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மாலை பிடிக்கும் வேலைதான்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் போகும்போது, ஐபோனாக இருந்தால் கேமரா செட்டிங்கில் 'ரெக்கார்ட் வீடியோ' பகுதிக்குள் 'ஷோ பால் ஃபார்மேட்ஸ்' என்பதை இயக்குங்கள், 25 ஃப்ரேம் கிடைக்கும். அங்கேயே 'ஆட்டோ எஃப்பிஎஸ்' என்பதை அணைத்துவிடுங்கள், மங்கிய வெளிச்சத்தில் ஃப்ரேமைக் குறைக்காது. ஆண்ட்ராய்டில் பிளாக்மேஜிக் கேமரா செயலியைப் போட்டுப் பாருங்கள், உங்கள் போனில் ஓடினால் ஃப்ரேம் வேகத்தையும் ஷட்டரையும் நீங்களே பூட்டலாம். அப்படிப் பதிவு செய்த ஃபைலையும் ஒருமுறை மீடியாஇன்ஃபோவில் பார்த்துவிடுங்கள். அப்புறம், மிருதங்கம் சுருதி சேர்க்கும் நேரத்தில் எல்லாக் கேமராவும் ரெக்கார்டரும் ஓடத் தொடங்கியிருக்கட்டும். உதவியாளர் ஒருவர் மேடை மைக்குக்கு முன்னால், எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி, ஒரே ஒருமுறை கை தட்டட்டும். மங்களம் முடிந்ததும் எதையும் அணைக்காமல் அதே இடத்தில் இன்னொரு தட்டு. இரண்டு தட்டுக்கும் இடைப்பட்ட ஃப்ரேம்களை ஒவ்வொரு கேமராவிலும் எண்ணி மிக்சர் ஒலியின் நீளத்தோடு ஒப்பிட்டால், எந்தக் கருவி எத்தனை ஃப்ரேம் விலகியது என்பது எடிட்டுக்கு உட்காரும்போதே உங்கள் கையில் இருக்கும்.