டிஜிட்டல் இடைவெளி என்றால் என்ன? அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இணையம் சிலருக்குக் கைக்கெட்டும் தூரத்திலும் பலருக்கு எட்டாமலும் இருப்பதுதான் டிஜிட்டல் இடைவெளி. சிக்னல், போன், ரீசார்ஜுக்குக் காசு, பயன்படுத்தும் பழக்கம், புரிகிற மொழி என இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆள் வெளியேதான்.

மூல காரணம் பெரும்பாலும் பணம். நாலைந்து வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைக்கிராமத்தில் டவர் வைத்தால் போட்ட முதல் தேறாது என்று நிறுவனங்கள் தயங்கும். நகரத்திலும் வீட்டுக்கு ஒரே போன் என்றால், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு இப்படித்தான் பல பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாதே.

2021 மே மாதம் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 18 முதல் 44 வயதுக்காரர்கள் கொரோனா தடுப்பூசிக்கு அரசின் கோவின் இணையதளத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றார்கள். தளமோ அப்போது ஆங்கிலத்தில். நகரத்து ஆட்கள் சட்டென்று பதிந்துவிட்டு, காரில் கிராமத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்த ஊர்க்காரருக்கு இடமில்லை. பஸ்ஸே நிற்காத ஊருக்கு டிக்கெட் இலவசம் என்று அறிவிப்பது போலத்தான். உச்ச நீதிமன்றமே இதைக் கேள்வி கேட்டது.

‘இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே’ என்பார்கள். வீடியோ பார்ப்பது வேறு. ஓடிபி காலாவதியாகும் முன் தட்டி, சான்றிதழை ஏற்றி, ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிப்பது வேறு.